சீட்டும் சோதனைச்சாவடியும்: கொள்ளைநோய்க் காலங்களில் சேலம் – நாமக்கல் சமவெளியின் புலப்பெயர்வு (1896–2021)

ஆய்வுச்சுருக்கம்

கொள்ளைநோய் பரவும் காலத்தில் பிழைப்புக்காக வேற்றூர் சென்றவர்களை அரசுகள் எவ்வாறு அடையாளப்படுத்தின, எவ்வாறு பதிவு செய்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சேலம் – நாமக்கல் சமவெளியைக் களமாகக் கொண்டு, பிளேக் காலக் கடவுச்சீட்டு, இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றோர் அணிந்த தகரவில்லை, 2020ஆம் ஆண்டின் இணையவழி அனுமதிச்சீட்டு ஆகிய மூன்றும் ஒப்பிடப்படுகின்றன. புலம்பெயர்வோரின் உடல் நோய் கடத்தும் பொருளாகவும் உழைப்பு தரும் பொருளாகவும் கவனமாகப் பதியப்பட்டது. சென்று சேர்ந்த ஊரில் அவர்கள் குடியிருக்கும் உரிமை பதியப்படவில்லை. இப்பதிவின்மையின் விளைவுகள் நோய் ஓய்ந்த பின்னும் நீடித்தன என்பது கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: புலப்பெயர்வு, பிளேக், கொரோனா, மண்டபம் முகாம், கங்காணி, நாமக்கல், சேலம், கடவுச்சீட்டு, வெளிமாநிலத் தொழிலாளர்.

முன்னுரை

இராமேசுவரம் செல்லும் இருப்புப்பாதையில் 'மண்டபம் கேம்ப்' என்றொரு நிலையம் உண்டு. அப்பெயரை இன்று கேட்போர் ஈழ ஏதிலியர் தங்கியுள்ள முகாமையே நினைப்பர். ஏதிலியர் வருவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேலாகவே அது முகாம்தான். இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் செல்லவிருந்த தமிழ்நாட்டு உழைப்பாளர் நோய்த் தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்ட இடம் அது. அவ்வாறு நிறுத்தி வைக்கப்பட்டோரில் திருச்சிராப்பள்ளி, சேலம் மாவட்டத்தாரின் பங்கு பெரிது. அக்காலத்து நாமக்கல் வட்டம் முதலில் சேலம் மாவட்டத்திலும், 1910 முதல் 1929 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும், பின்னர் மீண்டும் சேலத்திலும் இருந்தது. எனவே ஆட்களை மிகுதியாக அனுப்பிய இரு மாவட்டங்களின் வரலாற்றிலும் நாமக்கல்லுக்கு இடமுண்டு.

தமிழகப் புலப்பெயர்வு குறித்த ஆய்வுகள் பஞ்சம், கங்காணி முறை, கடன், சாதி ஒடுக்குமுறை ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. கொள்ளைநோய் குறித்த ஆய்வுகள், குறிப்பாக டேவிட் ஆர்னால்டின் நூல் (1993), குடியேற்ற அரசு மருத்துவத்தின் வழியாக மக்கள் உடலின்மீது அதிகாரம் செலுத்திய விதத்தை விளக்கியுள்ளன. இவ்விரு துறைகளும் சந்திக்கும் இடம் சோதனைச்சாவடி. நோய்க் காலத்தில் ஊர்விட்டு ஊர் சென்றவர் அங்கு நிறுத்தப்பட்டார், சோதிக்கப்பட்டார், கையில் ஒரு சீட்டுடன் அனுப்பப்பட்டார். அச்சீட்டில் எது பதியப்பட்டது? அது யாருக்குப் பயன்பட்டது? அதை வைத்திருந்தவருக்கு அது எந்த உரிமையைத் தந்தது? இம்மூன்று வினாக்களும் இக்கட்டுரையை நடத்திச் செல்கின்றன.

1. சமவெளியும் வழிகளும்

நாமக்கல் பகுதியின் நிலம் இருவகைப்பட்டது. காவிரியை ஒட்டிய மோகனூர், பரமத்திவேலூர்ப் பகுதிகள் ஆற்று வாய்க்கால் பாசனம் பெற்றவை. எஞ்சிய பெரும்பகுதி மேட்டுக்காடு. கம்பும் சோளமும் கேழ்வரகும் மழையை நம்பி விளைந்தன. கிணறு உள்ளவர் கவலை இறைத்தனர். மழை பொய்த்தால் முதலில் வேலை இழந்தவர் பண்ணையாளும் நிலமற்ற கூலியும். ஒடுக்கப்பட்ட சாதியினரே அவர்களுள் மிகுதி.

1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தை எந்த அளவுக்குச் சிதைத்தது என்பதைக் குடிமதிப்புகள் காட்டுகின்றன. 1871இல் ஏறத்தாழ 19.67 லட்சமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை 1881இல் 16 லட்சமாகக் குறைந்தது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மறைந்தது. பசியும் அதனுடன் வந்த வாந்திபேதியும் பலரைக் கொன்றன. எஞ்சியோரில் பலர் ஊரை விட்டுச் சென்றனர். பஞ்சமும் நோயும் புலப்பெயர்வும் தனித்தனி நிகழ்வுகளாக இருக்கவில்லை என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

செல்லும் வழிகளும் கவனத்திற்குரியவை. சென்னையிலிருந்து சோலையார்பேட்டை, சேலம், ஈரோடு வழியாக மேலைக் கடற்கரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்திலேயே இயங்கியது. நாமக்கல் ஊருக்கோ பயணிகள் தொடர்வண்டி வந்தது 2013இல்தான். அதுவரை அவ்வூரார் கரூர், சங்ககிரி, ஈரோடு, சேலம் ஆகியவற்றில் ஒன்றுக்கு நடந்தோ வண்டியிலோ சென்றுதான் தொடர்வண்டி ஏற வேண்டும். எனவே நாமக்கல் உழைப்பாளரின் நெடும்பயணம் ஓர் அந்நிய ஊரின் நிலையத்தில் தொடங்கியது. பிளேக் காலத்தில் சோதனைகள் நிகழ்ந்த இடங்களும் நிலையங்களே.

2. பெங்களூர் வாயில்: பிளேக்கும் கடவுச்சீட்டும்

1896 செப்டம்பரில் பம்பாயில் பிளேக் உறுதி செய்யப்பட்டது. 1897 பிப்ரவரியில் கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. மிகச் சில பிரிவுகளே கொண்ட அச்சட்டம், தேவையெனக் கருதும் எந்த நடவடிக்கையையும் எடுக்கவும், தொடர்வண்டிப் பயணிகளைச் சோதிக்கவும், நோய் ஐயமுள்ளவரைத் தனித்து வைக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. சட்டத்தை மீறியவருக்குத் தண்டனை உண்டு. சட்டத்தின்கீழ் நல்லெண்ணத்துடன் செயற்பட்டவர்மீது வழக்குத் தொடுக்க இயலாது. நோயாளிக்கான உரிமை எதனையும் அச்சட்டம் குறிப்பிடவில்லை.

1898 ஆகஸ்டில் நோய் பெங்களூரை அடைந்தது. இந்நிகழ்வு சேலம் மாவட்டத்தை நேரடியாகத் தாக்கியது. ஓசூர் வட்டம் அன்று சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பெங்களூர்க் கிளைப்பாதை சென்னைப் பெருவழிப்பாதையுடன் இணையும் சோலையார்பேட்டையும், 1911இல் வட ஆர்க்காட்டுக்கு மாற்றப்பட்ட திருப்பத்தூர் வட்டத்தில், அதே மாவட்டத்தில்தான் இருந்தது. பெங்களூர் இராணுவக் குடியிருப்பில் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்தனர். 1880கள் முதல் வளர்ந்த கோலார் தங்கவயலின் சுரங்கங்களும் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆட்களை ஈர்த்தன. உறவும் வேலையும் காரணமாக மேலும் கீழும் ஓயாது பயணம் செய்த மக்கள் திடீரென ஐயத்திற்குரியோர் ஆயினர்.

சென்னை மாகாணம் பம்பாயினின்று சற்று வேறுபட்ட முறையைக் கையாண்டது. பூனாவில் படையினரைக் கொண்டு வீடு புகுந்து சோதித்ததன் விளைவு 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்டின் கொலையாக முடிந்திருந்தது. சென்னை மாகாணத்தில் பிளேக் கடவுச்சீட்டு முறை முதன்மை பெற்றது. நோய் கண்ட பகுதியிலிருந்து வருபவரின் பெயரும் செல்லுமிடமும் நிலையத்தில் சீட்டில் குறிக்கப்படும். அவர் சேர்ந்த ஊரில் பத்து நாட்கள் வரை உரிய அலுவலரிடம் நாள்தோறும் தம்மைக் காட்டிக்கொள்ள வேண்டும். வழியில் அடைத்து வைப்பதைவிட இது மென்மையான முறையே. எனினும் நாட்கூலிக்கு இதன் பொருள் வேறு. வேலைக்குச் செல்ல வேண்டிய காலைப்பொழுதில் அலுவலரின் முன் நிற்பது ஒரு நாட்கூலியை இழப்பதாகும். ஊரில் அவர் யார் வீட்டில் தங்கினாரோ அவ்வீட்டாரும் ஐயத்திற்கு உட்பட்டனர்.

சோதனையின் முறையிலும் ஏற்றத்தாழ்வு வெளிப்பட்டது. மூன்றாம் வகுப்புப் பயணிகள் நடைமேடையில் வரிசையாக நிறுத்தப்பட்டனர். நெறிகட்டி உள்ளதா எனக் கழுத்தும் அக்குளும் தொட்டுப் பார்க்கப்பட்டன. பெண்களைச் சோதிப்பது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. உயர்வகுப்புப் பயணிகளுக்குப் பல நிலைகளில் சலுகை கிடைத்தது. நோய்க்கிருமிக்கு வகுப்பு வேறுபாடு இல்லை எனினும் தடுப்பு முறைக்கு இருந்தது.

இவ்விடத்தில் அறிவியல் வரலாறு தரும் செய்தி முக்கியமானது. எர்சின் 1894இல் நோய்க்கிருமியைக் கண்டறிந்தார். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சியின் வழியாக நோய் மனிதருக்கு வருகிறது என்னும் கருத்தை சீமோன் 1898இல் முன்வைத்தார். அது பல ஆண்டுகள் ஏற்கப்படவில்லை. 1905க்குப் பின் இந்தியாவில் நடந்த ஆய்வுகளே அதை உறுதி செய்தன. அதுவரை சோதனைச்சாவடிகளின் கவனம் பயணியின் உடல்மீதும் மூட்டைமீதுமே குவிந்தது. தானிய மூட்டைகளுடன் எலிகளும் தெள்ளுப்பூச்சிகளும் ஊர் ஊராகச் செல்ல, தானியத்தை ஏற்றி இறக்கிய கூலியாள் நிறுத்தி வைக்கப்பட்டார். அன்றைய அறியாமையைக் குறை கூறுவது வரலாற்றுக்கு முறையன்று. ஆயின் அறியாமையின் சுமை யார்மீது வைக்கப்பட்டது என்று கேட்பது முறையே.

பிளேக் பெங்களூரின் உருவத்தையும் மாற்றியது. நெரிசலான பேட்டையிலிருந்து மக்களை வெளியேற்றும் நோக்கில் மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய புதிய விரிவுகள் ஒழுங்கான தெருக்களுடன் வளர்ந்தன. வசதி படைத்தோர் அங்குக் குடிபெயர்ந்தனர். வேலை தேடி வந்தவருக்கு அத்தகைய திட்டம் ஏதும் இல்லை. நகரம் நோயிலிருந்து பாடம் கற்றுத் தன்னைத் திருத்திக்கொண்டபோது, அத்திருத்தத்தில் வந்தேறிகளுக்கு இடம் ஒதுக்கப்படவில்லை.

3. கடல் வாயில்: இராகமை முதல் மண்டபம் வரை

இலங்கைக்கான புலப்பெயர்வு பிளேக்குக்கு மிக முந்தையது. 1830கள் முதல் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றோர் இராமநாதபுரக் கரையிலிருந்து மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவ்வழி நெடுகிலும் உயிர்களைக் கவர்ந்தன. நோயுற்றவரைக் கங்காணி வழியிலேயே விட்டுச் சென்றதும் உண்டு. தோட்டத்துரைமார்க்கு இது உழைப்பு இழப்பு. இலங்கை அரசுக்கு இது நோய் இறக்குமதி.

பிளேக் அச்சம் இந்நிலையை மாற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வடபாதை மூடப்பட்டு, தூத்துக்குடி – கொழும்பு கடல்வழி ஒன்றே அனுமதிக்கப்பட்டது. கொழும்பை அடுத்த இராகமையில் ஆட்கள் நிறுத்தி வைக்கப்பட்டனர். பின்னர்த் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையில் முகாம் அமைந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி – தலைமன்னார்க் கப்பல் போக்குவரத்தும் தொடங்கியபின் மண்டபம் முதன்மை முகாமாயிற்று. இலங்கையின் எல்லை இவ்வாறு படிப்படியாக இந்திய மண்ணுக்குள் நகர்ந்தது. மண்டபம் முகாம் இந்திய நிலத்தில் இலங்கை அரசு நடத்திய முகாம். தம் நாட்டை விட்டு நீங்கும் முன்பே அயல்நாட்டின் அதிகாரத்திற்கு உழைப்பாளர் உட்பட்டனர்.

முகாமில் சில நாட்கள் தங்க வைத்து, உடையும் உடைமையும் நோய்நீக்கம் செய்யப்பட்டன, அம்மை குத்தப்பட்டது, கொக்கிப்புழுவுக்கு மருந்து தரப்பட்டது, உணவு வழங்கப்பட்டது. வடபாதையில் நடந்து மாண்டவர்களை நினைத்துப் பார்த்தால் இம்முகாம் உயிர்களைக் காத்தது என்பதை மறுக்கவியலாது. ஆயினும் காக்கப்பட்டதன் நோக்கம் தோட்டத்திற்கு உடல் வலிவுள்ள ஆளைச் சேர்ப்பதே. நோயுற்றவர் பயணத்திற்குத் தகுதியற்றவர். வீட்டுப் பொருளை விற்றோ கங்காணியிடம் முன்பணம் பெற்றோ புறப்பட்டவருக்குத் திருப்பி அனுப்பப்படுவது நோயினும் கொடிது. வெற்றுக்கையுடன் எந்த ஊருக்குத் திரும்புவது என்பதே அவர் முன் நின்ற வினா.

இந்நடைமுறையின் மையப் பொருள் ஒரு தகரவில்லை. 1900களின் தொடக்கத்தில் அறிமுகமான இம்முறையில், தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்த சிறு வில்லை ஆளின் கழுத்தில் கட்டப்பட்டது. எழுத்தறியாதவரும் வழிதவறாது உரிய தோட்டத்தைச் சேர்வதற்கு அது உதவியது; வழிச்செலவை அரசு செய்து, பின் தோட்டத்திடம் வசூலிப்பதற்கும் அதுவே கணக்கு. செலவுகள் ஆளின் பெயரிலேயே கடனாக ஏறின. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற, கடனைத் தீர்த்தால் விடுவிக்கச் சம்மதம் என்று கூறும் 'துண்டு' தேவைப்பட்டது. அம்முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1904இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத்துரைமார் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் ஆட்சேர்ப்பை ஒழுங்குபடுத்தியது. 1917இல் மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் இருவரும் இலங்கை, மலேயாவுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளர் நிலை குறித்து அறிக்கை அளித்தனர். மலேயா சென்றோருக்கும் இதே அனுபவம் உண்டு. பினாங்குக் கரையில் கால் வைக்கும் முன் செரசாக் தீவின் தனிமை முகாமைக் கடக்க வேண்டியிருந்தது.

1921 குடிமதிப்பின்படி இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த மக்கள் ஐந்து லட்சத்திற்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். முகாமில் எண்ணப்பட்டு, குத்தூசி ஏற்று, எண் அணிந்து சென்றவர்களும் அவர்களின் வழித்தோன்றல்களுமே அவர்கள். ஆயினும் 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியக் குடியிருப்பாளர் சட்டமும் வந்தபோது, தொடர்ந்து இலங்கையில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்கப்பட்டது. விண்ணப்பித்தோரில் மிகப் பெரும்பாலோர் ஏற்கப்படவில்லை. எந்த நோய்க்கு எந்நாளில் சோதிக்கப்பட்டனர் என்பதை அறிந்திருந்த அரசுக்கு அவர்கள் எத்தனை ஆண்டு வாழ்ந்தனர் என்பது தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ளும் தேவையும் அதற்கு இருக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பியோரில் பலர் அதே மண்டபம் முகாம் வழியாகவே வந்தனர்.

4. சீட்டு கேட்கப்படாத கொள்ளைநோய்: 1918

1918 இன்ஃபுளுயென்சா இவ்வரலாற்றில் ஒரு மாற்றுச் சான்று. அவ்வாண்டு ஜூனில் பம்பாயில் தோன்றி, செப்டம்பர் முதல் கொடிய இரண்டாம் அலையாக வீசிய அந்நோய் இந்தியாவில் ஒரு கோடியே இருபது லட்சத்திற்குக் குறையாத உயிர்களைக் கவர்ந்ததாக மதிப்பீடுகள் கூறுகின்றன. 1911–1921 பத்தாண்டில் இந்திய மக்கள்தொகை ஒரு விழுக்காட்டளவே உயர்ந்தது. பிளேக்கினும் விரைவாகக் கொன்ற நோய் இது. ஆயினும் பிளேக் காலத்தைப் போன்ற கடவுச்சீட்டோ நிலையச் சோதனையோ இதற்கு விரிவாக அமையவில்லை.

நோயின் இயல்பு இதற்கு ஒரு காரணம். ஓரிரு நாட்களில் வெளிப்பட்டுக் காற்றில் பரவும் நோயைப் பத்து நாள் கண்காணிப்பால் தடுக்க இயலாது. போர் மற்றொரு காரணம். படைகளும் தானியமும் தொடர்வண்டிகளில் ஓயாது செல்ல வேண்டியிருந்தன. அவ்வாண்டு பருவமழையும் பொய்த்து விலைவாசி ஏறியதால் வேலை தேடிச் செல்வோர் கூட்டமும் குறையவில்லை. போக்குவரத்தை நிறுத்துவது பேரரசின் தேவைக்கு எதிரானபோது, பயணியின் உடல் ஆபத்தானதாகக் கருதப்படவில்லை. எனவே சீட்டின் தேவையை நோயின் கொடுமை மட்டும் தீர்மானிப்பதில்லை. உழைப்பின் தேவையும் ஆட்சியின் தேவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

5. திசை மாறிய சமவெளி: 2020

நூறாண்டுகளில் ஆட்களை அனுப்பிய நிலம் ஆட்களைப் பெறும் நிலமாகவும் மாறியது. 1997 ஜனவரி முதல் தனி மாவட்டமாக இயங்கும் நாமக்கல்லின் பொருளியல் கோழிப்பண்ணை, லாரித் தொழில், லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகள், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகள், பள்ளிபாளையம் – குமாரபாளையம் விசைத்தறிகள், மரவள்ளிக் கிழங்கை அரைக்கும் சேகோ ஆலைகள் ஆகியவற்றைச் சார்ந்தது. இத்தொழில்களில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் முதலிய மாநிலத்தவர் பணிபுரிகின்றனர். அதே வேளையில் நாமக்கல் லாரி ஓட்டுநர்களும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களும் இந்தியா முழுவதும் பயணிக்கின்றனர். எனவே இம்மாவட்டம் ஒரே நேரத்தில் புலம்பெயர்வோரின் தாயூராகவும் அவர்கள் வந்தடையும் ஊராகவும் உள்ளது.

2020 மார்ச் 24 மாலை தமிழகத்தில் தடையாணையும் அன்று நள்ளிரவு முதல் நாடு தழுவிய ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தன. பயணிகள் தொடர்வண்டிகள் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தன. 1897ஆம் ஆண்டுச் சட்டமும் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் இதற்கு அடிப்படையாயின. பிளேக்குக்காக இயற்றிய சட்டம் நூற்றிருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின்னும் செயலில் இருந்தது. கோழிக்கறியும் முட்டையும் நோய் பரப்பும் என்னும் வதந்தியால் விலை வீழ்ந்து பண்ணைகள் முன்னரே தத்தளித்தன. லாரிகள் வழியில் நின்றன. ரிக் வண்டிகளுடன் சென்றோர் வேற்று மாநிலங்களில் முடங்கினர். இங்குள்ள வெளிமாநிலத்தவர் பட்டறை வளாகங்களிலும் வாடகை அறைகளிலும் முடங்கினர்.

பிளேக் கால நிலைக்கும் இதற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. அன்று உழைப்பாளர் நகரத்திற்குள் நுழைய விரும்பினர். சாவடி அவர்களை வடிகட்டி அனுப்பியது. இன்று அவர்கள் வீடு திரும்ப விரும்பினர். ஊரடங்கு அவர்களை நின்ற இடத்திலேயே நிறுத்தியது. மார்ச் 29ஆம் நாள் நடுவண் உள்துறை ஆணை, ஊரடங்குக் காலக் கூலியைக் குறைக்காது வழங்க வேண்டும், ஒரு மாத வாடகையைக் கேட்கக் கூடாது என்றது. கூலி குறித்த ஆணை மே மாதத்தில் விலக்கிக்கொள்ளப்பட்டது. தமிழக அரசு வெளிமாநிலத் தொழிலாளருக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் வழங்கியது. மே 1 முதல் இயங்கிய சிறப்புத் தொடர்வண்டிகளில் நாடெங்கும் 63 லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினர். பயணக் கட்டணத்தைத் தொழிலாளரிடம் பெறக் கூடாது என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது மே 28இல். அதற்குள் ஏறத்தாழ ஒரு மாதம் கடந்திருந்தது.

மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லவும் தமிழகத்தில் இணையவழி அனுமதிச்சீட்டு தேவைப்பட்டது. திருமணம், இறப்பு, மருத்துவம் போன்ற காரணங்களைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். ஆகஸ்ட் 17 முதல் விண்ணப்பித்த அனைவருக்கும் அது வழங்கப்பட்டது. செப்டம்பர் முதல் மாநிலத்திற்குள் நீக்கப்பட்டது. திறன்பேசியும் அடையாள அட்டையும் படிப்பறிவும் உள்ளவருக்கு அது சில நிமிட வேலை. மொழி அறியாத கூலித் தொழிலாளிக்கு ஒரு முகவரோ முதலாளியோ தேவைப்பட்டார். கங்காணி நின்ற இடத்தில் இப்போது வேறொருவர் நின்றார்.

இங்குக் கவனிக்கத்தக்கது, வழங்கப்படாத மற்றொரு சீட்டு. 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரை அழைத்து வரும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும், ஒவ்வொரு தொழிலாளிக்கும் நிழற்படம் ஒட்டிய கைப்புத்தகம் தர வேண்டும், இடப்பெயர்வுப் படி தர வேண்டும் என்று விதித்தது. பணியிடம், கூலி, பிடித்தம் ஆகியவை அக்கைப்புத்தகத்தில் பதியப்பட வேண்டும். இச்சட்டம் முழுமையாகச் செயற்பட்டிருந்தால் 2020 மார்ச்சில் யார் எங்குள்ளார் என்பதை அரசு அறிந்திருக்கும். மாறாக, ஊர் திரும்பியோர் 1.04 கோடிக்கும் மேற்பட்டோர் என்று பின்னர்க் கணக்குச் சொன்ன நடுவண் அரசு, வழியில் இறந்தோர் குறித்த தரவு இல்லை என்று அவ்வாண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது.

6. மூன்று சீட்டுகள்: ஒப்பீடு

முதல் வினா: எது பதியப்பட்டது? பிளேக் கடவுச்சீட்டு ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதைப் பதிந்தது. தகரவில்லை அவர் எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைப் பதிந்தது. இணைய அனுமதிச்சீட்டு அவர் ஏன் நகர்கிறார் என்பதைப் பதிந்தது. மூன்றும் பயணத்தையே பதிந்தன. சென்று சேர்ந்தபின் அவர் வாழ்வதைப் பதியும் ஏற்பாடு அவற்றில் இல்லை.

இரண்டாம் வினா: யாருக்குப் பயன்பட்டது? முதலாவது, சேருமிட மக்களின் பாதுகாப்புக்கு. இரண்டாவது, தோட்ட நிர்வாகத்தின் கணக்குக்கு. மூன்றாவது, நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்கு. பாதுகாப்பு பொதுநலன் சார்ந்ததே. ஆனால் அதன் செலவை நாட்கூலி இழப்பாகவும் கடனாகவும் அலைச்சலாகவும் செலுத்தியவர் புலம்பெயர்ந்தவர்.

மூன்றாம் வினா: எந்த உரிமையைத் தந்தது? கடந்து செல்லும் இசைவைத் தவிர வேறெதையும் இச்சீட்டுகள் தரவில்லை. உரிமை தரும் ஆவணங்களாகிய வாழிடச் சான்று, கூலிக் கைப்புத்தகம், உணவுப் பங்கீட்டு அட்டை ஆகியவை ஒன்று மறுக்கப்பட்டன அல்லது சொந்த ஊரிலேயே தங்கிவிட்டன. 2020 அக்டோபரில் தமிழகம் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தில் இணைந்தது. 2021 ஜூன் 29இல் உச்சநீதிமன்றம் எல்லா மாநிலங்களும் ஜூலை 31க்குள் இத்திட்டத்தைச் செயற்படுத்த ஆணையிட்டது. ஆகஸ்டில் அமைப்புசாராத் தொழிலாளருக்கான 'இ–ஷ்ரம்' பதிவு தொடங்கியது. பயணத்துடன் உரிமையும் பயணிக்க வேண்டும் என்னும் கருத்து இவற்றில் முதன்முறையாக ஓரளவு உருப்பெற்றது. எனினும் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் இணைத்துக்கொண்ட 2020ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு, ஐந்து தொழிலாளர் என்றிருந்த வரம்பைப் பத்தாக உயர்த்தியது. சிறு பட்டறைகளும் ஒற்றை ரிக் வண்டிக் குழுக்களும் நிறைந்த நாமக்கல் போன்ற மாவட்டத்தில் இம்மாற்றம் பலரைச் சட்டத்தின் பார்வைக்கு வெளியே நிறுத்தக்கூடும்.

முடிவுரை

கொள்ளைநோய்க் காலத்தில் எல்லையில் சோதனை தேவையற்றது என்பது இக்கட்டுரையின் முடிவன்று. மண்டபம் முகாமின் உணவும் மருந்தும் வடபாதையின் சாவுகளைத் தவிர்த்தன. 2020இலும் நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கு மருத்துவ நியாயம் இருந்தது. ஆனால் நோய்க்கெனத் திரட்டப்படும் பதிவு எவ்வகைப்பட்டது என்பது நோய் ஓய்ந்த பின்னரே வெளிப்படுகிறது. மலையகத் தமிழரின் நிலை இதற்குத் தக்க சான்று: உடலாக முழுமையாகப் பதியப்பட்ட மக்கள் குடிகளாகப் பதியப்படாமையால் தலைமுறைகளாக நாடற்றோர் ஆயினர்.

அன்று சேலம் – நாமக்கல் சமவெளியிலிருந்து சென்றவர் அயலூர் வாயிலில் நின்றனர். இன்று அச்சமவெளியே பிறருக்கு வாயிலாக நிற்கிறது. பள்ளிபாளையத் தறிக்கூடத்திலும் நாமக்கல் பட்டறையிலும் பணிபுரியும் ஒடிசா, பீகார்த் தொழிலாளி யார், எத்தனை ஆண்டு இங்கு வாழ்ந்தார், என்ன கூலி பெற்றார் என்பவை அவரது கையிலுள்ள ஆவணத்தில் இன்றே பதியப்படுமாயின், அடுத்த கொள்ளைநோயின்போது அவர் வெறும் பயணியாக எண்ணப்படமாட்டார். தம் முன்னோர் மண்டபத்தில் காத்திருந்த வரலாற்றை அறிந்த மாவட்டம் அப்பதிவைத் தொடங்குவதற்குப் பிறரினும் கடமைப்பட்டது.